பால்கனியில் எடுத்த படம்

வெட்கம் என்பது அடுத்தவர்கள் பட வேண்டிய விஷயம் என்றுதான் குக்கரக்கா வெகுகாலமாக நினைத்திருந்தாள். எச்சில் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்ப் படுக்கிறவள் வெட்கப்பட வேண்டும். போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து பையைத் தேடுகிறவர்கள் வெட்கப்பட வேண்டும். சபை விருந்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவுகிற நேரத்தில் போன் வந்த மாதிரி வெளியே நழுவுகிறவர்கள் இரண்டு மடங்கு வெட்கப்பட வேண்டும். அவளுக்கு அந்தத் தேவை வந்ததே இல்லை. வீடு சுத்தம், கை சுத்தம், மனசும் ஏறக்குறைய சுத்தம். வாய் மட்டும் கொஞ்சம் அப்படி இப்படி.

அந்த வாயால்தான் அந்தப் பேரே வந்தது. உள்ளே ஆவி சேர்ந்துவிட்டால் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, விசில் அடித்துவிடுவாள். சபைப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பேர் நாளாவட்டத்தில் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. வெறும் சட்டிக்கு யாரும் பேர் வைப்பதில்லை, குக்கருக்குத்தான் வைப்பார்கள் என்று ஒரு தடவை சொல்லிவிட்டாள், அதோடு சரி. சபை மண்டபத்துச் சமையலறைச் சாவி அவளிடம்தான் இருந்தது. எந்தக் கரண்டி எந்தக் கொக்கியில் தொங்க வேண்டும் என்பதில் போதகருக்கே அங்கே உரிமை கிடையாது.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு காலமான லெந்து நாட்கள் தொடங்கியபோது அந்தப் போதகர் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். தினமும் காலையில் சபை வாட்ஸப் குழுவில் ஒரு வார்த்தை அனுப்புவார். தூசி, தாகம், சுமை, வாசல், இப்படி. அவரவர் வீட்டிலோ தெருவிலோ வேலை செய்கிற இடத்திலோ அந்த வார்த்தைக்குப் பொருத்தமாகக் கண்ணில் படுகிறதைப் போனில் படம் எடுத்து, அது விசுவாசத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று இரண்டு வரி எழுதிப் போட வேண்டும். வயிற்றுக்கு மட்டும் நோன்பு இருந்தால் போதாது, கண்ணையும் திறக்க வேண்டும் என்றார்.

போனை மூடச் சொல்ல வேண்டிய நாளில் இவர் திறக்கச் சொல்கிறாரே என்று குக்கரக்கா முணுமுணுத்தாள். முதல் சில நாள் அவள் ஒன்றும் போடவில்லை, போடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணாடி டீச்சர் என்று ஒருத்தர் இருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், எழுதும்போது மட்டும் மாட்டுவார். அவருக்கு வார்த்தை எதுவானாலும் படம் ஒன்றுதான். தூசி என்றால் சூரிய உதயம். தாகம் என்றால் சூரிய அஸ்தமனம். கீழே இரண்டு வரிக்குப் பதில் இருபது வரி. அந்த அம்மா வீட்டில் ஜன்னலைத் தவிர வேறு சாமானே கிடையாதா என்று குக்கரக்கா மகளிடம் கேட்டாள்.

பிறகு ஒரு நாள் 'கறை' என்று வார்த்தை வந்தது. அன்றைக்குப் பால் பொங்கி அடிப்பிடித்த பாத்திரம் அவள் கையில் இருந்தது. மனசு வந்து ஒரு படம் எடுத்தாள். "தேய்க்கத் தேய்க்க என் கைதான் வலிச்சுது. தண்ணி ஊத்தி ஊற வச்சேன், தானா விட்டுது. சில பாவமும் அப்படித்தான். தேய்க்கிறதை நிறுத்திட்டு ஆண்டவர் கையில ஊற விடணும்" என்று பேசுகிற மாதிரியே எழுதிப் போட்டுவிட்டு அடுப்பு வேலையைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் குழுவெங்கும் இதயமாகக் கொட்டிக் கிடந்தது. அந்த ஞாயிறு போதகர் பிரசங்கத்திலேயே அதை வாசித்துக் காட்டினார். சகோதரிக்குக் கண் இருக்கிறது என்றார். கண்ணாடி டீச்சர் திரும்பிப் பார்த்து, சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

இத்தனை வருடம் சபைக்குச் சமைத்துப் போட்டதற்கு உப்பு கொஞ்சம் தூக்கல் என்பதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குக்கரக்காவுக்கு இந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. வெங்காயம் உரித்தால் படம். பல்பு போனால் படம். காபியை ஆற்றிக் கொடுத்தால் அது படமாகி முடிகிற வரைக்கும் கணவர் குடிக்கக் கூடாது. ஆறிப்போன காபியைப் பார்த்து அவர், "இதுல என்ன பாடம் வருது? பொறுமையா?" என்று கேட்டார். அவர் அப்படித்தான். அதிகம் பேச மாட்டார், பேசினால் ஒரு வரி.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களின் லிஃப்டுக்கெல்லாம் மாதாமாதம் கயிறு பார்த்து, கிரீஸ் போட்டு, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துவருகிற வேலை. ஊரையே மாடிக்கு ஏற்றி இறக்குகிறவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் என்பது அந்த வீட்டின் பழைய ஜோக். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரே கம்பெனி. அந்தக் கம்பெனிதான் லெந்துக்குச் சில வாரம் முன்னால், பராமரிப்பு ஒப்பந்தமெல்லாம் கைவிட்டுப் போய்விட்டது என்று சொல்லி, வயதானவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பியது.

சேதி கேட்டு அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. கருவிப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மனைவியையும் மகளையும் உட்காரவைத்து ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். வேற வேலை கெடச்சதும் நானே சொல்லிக்கிறேன். அது வரைக்கும் நைட் ஷிஃப்ட் மாத்திட்டாங்கன்னு இருக்கட்டும்."

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தம்பிக்கு ஒரு தடவை வேலை போனபோது சபையே திரண்டு வந்தது. ஆளாளுக்கு ஒரு புத்திமதி, ஆளாளுக்கு ஒரு பழைய சட்டை. வேலை கிடைத்து வருடக்கணக்கான பிறகும் அவனைப் பார்த்தால், "இப்ப எப்படிப்பா, பரவால்லையா?" என்று தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். அண்ணன்காரருக்கு அது மறக்கவே இல்லை. மண்டபத்தில் மைக் வேலை செய்யவில்லை என்றாலும், போதகர் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போய் ரிப்பேர் செய்கிற ஆள். தன்னை யாரும் ரிப்பேர் செய்ய வருவதை அவரால் தாங்க முடியாது.

குக்கரக்கா வாக்குக் கொடுத்தாள். உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தாள், வாயைப் பொறுத்தவரைக்கும். சமையலறையில் எத்தனை தடவை நுனிநாக்கு வரைக்கும் வந்ததை விழுங்கினாள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

வேலை போன பிறகும் அவர் காலையில் எழுந்து குளித்து, பேன்ட் சட்டை போட்டு, பால்கனியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வேலைக்குப் போட்டுப் போகிற கனத்த ஷூ இரண்டையும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, வரிசையாக வைப்பார். பிறகு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அது லிஃப்ட் குழிக்குள் விழுந்தாலும் உடையாத பட்டன் போன். அதில் வாட்ஸப்பெல்லாம் கிடையாது.

ஒரு நாள் 'காத்திருத்தல்' என்று வார்த்தை வந்தது. முந்தின நாளே கண்ணாடி டீச்சர் சூரியனை விட்டுவிட்டு, தையல் மெஷின் ஊசியைப் படம் எடுத்துப் போட்டு நிறைய இதயம் வாங்கியிருந்தார். ஜன்னல்காரிக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று குக்கரக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காத்திருத்தலுக்கு என்ன எடுப்பது என்று வீட்டையே இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஊறுகிற துணி சரிவரவில்லை. பொங்காத பால் சரிவரவில்லை. பால்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு ஷூ துடைத்து முடிந்து மின்னிக்கொண்டிருந்தது, இன்னொன்றின் மேல் துணியோடு அவர் கை. முகம் தெரியவில்லை, கை மட்டும். அவள் சத்தமில்லாமல் எடுத்தாள். அவர் திரும்பவே இல்லை.

நின்ற வாக்கிலேயே எழுதினாள். "இந்த ஷூவுக்கு ரொம்ப நாளா போக இடம் இல்லை. ஆனாலும் தினமும் துடைச்சு வைக்கிற கை ஒண்ணு இருக்கு. கூப்பிடுற குரல் எப்ப வரும்னு தெரியாது. வரும்போது தூசியோட இருக்கக் கூடாது. விசுவாசம்னா இதுதான்."

மகள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். நர்ஸிங் படிக்கிற பெண், எதையும் சட்டென்று பிடித்துவிடுவாள்.

"அம்மா, அப்பாகிட்ட கேட்டியா?"

"மூஞ்சியா தெரியுது? கைதானே. ஊர்ல எல்லார் வீட்லயும்தான் ஷூ இருக்கு."

"நம்ம வீட்லதான்னு தெரியாதா?"

"நீ போய் டிபன் பாக்ஸைக் கழுவு."

அனுப்பிவிட்டாள். அதுவரைக்கும் வராத அளவுக்கு இதயம் வந்தது. அதற்கு நடுவில் கும்பிடுகிற கைகளும் வந்தன. ஜெபிக்கிறோம் அக்கா, கர்த்தர் வழி திறப்பார் அக்கா, தைரியமாக இருங்கள் அக்கா. முதலில் அதையும் பாராட்டுக் கணக்கில்தான் சேர்த்தாள். அடிப்பிடித்த பாத்திரத்துக்கு யாரும் தைரியமாக இருக்கச் சொல்லவில்லையே என்று சாயங்காலம் துணி மடிக்கும்போது தோன்றியது. அப்போதே அழித்திருக்கலாம், அழிக்கிற இடத்துக்கு விரல் போகவும் செய்தது. அந்த நேரம் பார்த்து போதகரின் மனைவி, போதகரம்மா, இந்த லெந்தில் வந்ததிலேயே இதுதான் சிறந்த படம் என்று எழுதினார். விரல் திரும்பி வந்துவிட்டது.

ஞாயிறு வந்தது. வழக்கம்போல கடைசி வரிசையில் அவர், மகள், அவள். பிரசங்கத்துக்குப் பிறகு போதகர் நோயாளிகளுக்காக ஜெபித்தார், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, வேலையை இழந்து, தன் காலணியைத் தினமும் துடைத்து வைத்துக் காத்திருக்கிற அருமைச் சகோதரர் ஒருவரையும் அவர் குடும்பத்தையும் ஆண்டவர் நினைத்தருள வேண்டும் என்றார். பேர் சொல்லவில்லை. நல்ல மனுஷர், பேர் சொல்லாததே பெரிய மரியாதை என்று நினைத்தார்.

"ஆமென்" என்று எல்லாரும் சொன்னார்கள். கணவரும் சொன்னார். லிஃப்ட் குழியின் அடியில் நின்றுகொண்டு மேல்மாடியில் இருப்பவனுக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய குரல் அது, எப்போதும் ஒரு பங்கு உரக்க இருக்கும். தன் விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில், யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷனுக்காக மனதார அவர் சொன்ன ஆமென், சபை முழுக்கக் கேட்டது.

முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. அவர் கண்ணைத் திறந்தார். திரும்பியவர்களைப் பார்த்தார். பின்னால் யாரையோ பார்க்கிறார்கள் என்று தானும் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. மறுபடி முன்னால் திரும்பினபோது அவர் காதோரம் சிவந்திருந்தது. மகள் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். வெட்கம் என்றால் முகத்தில் வருகிற ஒன்று என்றுதான் குக்கரக்கா நினைத்திருந்தாள். அது கைவிரல் நுனி வரைக்கும் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளியே வந்தால் ஆள் ஆளாக வந்து அவர் தோளைத் தட்டினார்கள். தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். துணிக்கடை வைத்திருந்த ஒருவர், வாட்ச்மேன் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம் என்றார். அவர் எல்லாருக்கும் சிரித்துக் கைகொடுத்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று மாடி ஏறி, கதவைத் தாளிட்ட பிறகுதான் கேட்டார்.

"யார் சொன்னது?"

அவள் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. ஒரே ஒரு வார்த்தை போதும். பால் பாக்கெட் இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி பிரிட்ஜைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டு, "எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள்.

அவர் யோசித்தார். வீட்டுக்கு வெளியே இந்த விஷயம் தெரிந்த ஆள் ஒருவர்தான். மீசை. கூட வேலை பார்த்தவர், கூடவே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், இதே சபையில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று பாடுகிறவர். அவருக்கு முதலிலேயே ஓர் ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவில் வேலை கிடைத்துவிட்டது. இவருக்கும் அங்கே இடம் பிடிக்க ஒவ்வொரு ஆளாகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"மீசைதான். வேற யாரு? அவனுக்குத்தான் வயித்துல ஒண்ணும் தங்காது."

குக்கரக்கா பிரிட்ஜை மூடினாள். ஆவி நெஞ்சு வரைக்கும் ஏறி நின்றது. வாழ்நாள் பூராவும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விசில் அடித்தவள், அடித்தே ஆக வேண்டிய அந்த ஒரு நேரத்தில் கப்பென்று மூடிக்கொண்டாள்.

அவர் பட்டன் போனில் மீசையைக் கூப்பிட்டார். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, "நடிக்காத" என்றார். "என் வீட்டு விஷயத்தை வச்சு ஜெபம் பண்ணிக்கச் சொல்லி நான் கேட்டேனா? இனிமே எனக்குப் போன் பண்ணாத. உன் ஆஸ்பத்திரியும் வேணாம்." வைத்துவிட்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து தன் அறைக்குள் போய்விட்டாள். பதினெட்டு வயசுப் பெண் தன்னைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து போவது எப்படி இருக்கும் என்று எந்தத் தாய்க்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த வாரம் போதகர் அனுப்பிய வார்த்தைகள் எதையும் அவள் பார்க்கவில்லை. இதற்கு நடுவில் போதகரம்மா போன் செய்து சந்தோஷமாக ஒரு சேதி சொன்னார். பெரிய வெள்ளியன்று மண்டபத்தில் சிறந்த படங்களையெல்லாம் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டப்போகிறார்கள். ஷூ படம்தான் வாசலுக்கு நேரே, எல்லாவற்றிலும் பெரிதாக.

வெள்ளிக்கிழமை கணவர் மண்டபத்துக்குள் நுழைந்தால் முதலில் பார்ப்பது தன் கையைத்தான். அதைக் கழற்றியாக வேண்டும். கழற்றிவிட்டால் போதும், அவருக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. குழுவில் அவர் இல்லை. மீசையோடு பேச்சும் இல்லை. யோசிக்க யோசிக்க அது சுலபமாகத் தெரிந்தது, அப்படிச் சுலபமாகத் தெரிந்ததே அவளுக்குப் பயமாகவும் இருந்தது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மண்டபத்தில் கம்பி கட்டி, கிளிப் போட்டு, படங்களை வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய படம் வாசலுக்கு நேரே, கதவு அகலத்துக்குத் தொங்கியது. போனில் பார்த்தபோது தெரியாதது அதில் தெரிந்தது. அவர் கட்டைவிரல் நகத்தில் எத்தனை தேய்த்தாலும் போகாத கிரீஸ் கோடு. அந்தக் கையைச் சபையில் தெரியாதவர்கள் யாரும் இல்லை. எல்லார் வீட்டு மின்விசிறியையும் கழற்றி மாட்டிய கை.

ஏணியின் மேல் நின்று கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தது மீசை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி டீச்சர்.

அவள் மீசை பக்கம் திரும்பவில்லை. போதகரம்மாவிடம் போய், படம் மங்கலாக இருக்கிறது, எடுத்துவிடலாமே என்றாள். போதகரம்மா சிரித்தார். மங்கலா, நகக்கண்ணு கூடத் தெரியுதே என்றார். வெயில் சரியில்லை என்றாள். இவ்வளவு அடக்கம் கூடாது என்றார் போதகரம்மா. டீச்சரும் ஏணியைப் பிடித்தபடியே, தான் எடுத்த எல்லாப் படத்தையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது என்று மனசாரச் சொன்னார். அந்த அம்மாவை எவ்வளவு பேசியிருக்கிறோம் என்று நினைக்க, குக்கரக்காவுக்கு அதுவும் சேர்ந்து உறைத்தது.

அப்போது மேலேயிருந்து மீசை சொன்னார். "இந்தப் படம் ரொம்பக் கனம்மா. கம்பி தாங்காது. வர்றவங்க தலையில விழுந்தா வம்பு."

சொல்லிக்கொண்டே கிளிப்பை எடுத்து, படத்தைக் கழற்றிச் சுருட்டிக் கீழே நீட்டினார். அது வெறும் தாள். அதைப்போல நூறு தொங்கினாலும் அந்தக் கம்பி தாங்கும். லிஃப்டையே தொங்கவிட்ட மனுஷனுக்குக் கம்பி தெரியாதா? ஆனால் அவர் சொன்னால் சரிதான் என்று போதகரம்மா டீச்சரைக் கூட்டிக்கொண்டு அதற்குப் பதிலாக வேறு படம் தேடப் போனார்.

மீசை ஏணியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"குழுவுல வந்த அன்னைக்கே பார்த்தேன் தங்கச்சி. அவன் கைன்னு தெரிஞ்சுது."

"அப்ப ஏண்ணே அவர்கிட்ட சொல்லல? அவ்ளோ திட்டினாரே."

"சொன்னா என்ன ஆகும்? என்மேல உள்ள கோபம் உன்மேல வரும். நான் தெரு தாண்டி இருக்கிற ஆள், நாலு மாசம் பேசாம இருந்தாலும் என் வீட்ல சாப்பாடு நடக்கும். நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கணுமே." துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "இருக்கட்டும் விடு. ஆஸ்பத்திரியில அவனுக்காகப் பேசிட்டுத்தான் இருக்கேன். யார் பேசினதுன்னு அவனுக்குத் தெரிய வேணாம்."

ஏணியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த கம்பிக்குப் போனார். செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு, அதைப் பெரிதாகக்கூட நினைக்காமல் ஓர் ஆள் ஏணியோடு போவதைப் பின்னாலிருந்து பார்த்தபோது, இது நல்ல படமாக வரும் என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இப்போது அவளுக்கு வழி முழுவதும் திறந்திருந்தது. படம் கையில். பழி இன்னொருவர் தலையில், அவரே மனசோடு ஏற்றுக்கொண்டது. வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பஸ்ஸில் அந்தச் சுருட்டிய தாள் அவள் மடியில் கிடந்தது. உட்கார இடமிருந்தும் பாதி வழியில் எழுந்து நின்றுகொண்டாள். மடியில் வைத்திருக்க முடியவில்லை.

வீட்டில் அவர் மிக்ஸியைக் கழற்றிப் பேப்பரில் பரப்பி வைத்திருந்தார். வேலை இல்லாத நாளிலிருந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாமான்களையெல்லாம் கழற்ற ஆரம்பித்திருந்தார். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மீசையண்ணன் ஒண்ணும் சொல்லலங்க. நான்தான்."

அவர் திருப்புளியை நிறுத்தினார். அவள் தாளை விரித்து அவர் முன்னால் வைத்தாள், ஓரம் சுருளாமல் இருக்க மிக்ஸி ஜாரையும் மூடியையும் எடுத்து வைத்தாள். போனைத் திறந்து எழுதியதையும் காட்டினாள். அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுதியதை வாசித்தார், வாய்விட்டு, ஒவ்வொரு வார்த்தையாக, லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிற எச்சரிக்கையை வாசிக்கிற மாதிரி. விசுவாசம்னா இதுதான் என்று முடித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார்.

"தப்புதாங்க."

"ஞாயித்துக்கிழமை கேட்டேனே. அப்ப ஏன் சொல்லல?"

பயம் என்று சொல்லலாம். பயம் மட்டும் இல்லை. நாலு பேர் நல்லா இருக்குன்னு சொன்னாங்க, அது போயிடுமேன்னு இருந்துச்சு என்று, வந்ததை வந்தபடி சொன்னாள்.

அவர் தலையை ஆட்டினார். கோபமாக இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வேலை போனது எனக்கு வெட்கம்தான். இல்லைன்னு சொல்லல. ஆனா அது என்னோட வெட்கம். என்கிட்ட மிச்சம் இருந்ததே அது ஒண்ணுதான். அதை எப்ப வெளிய எடுக்கணும்னு நான் வச்சிருந்தேன். நீ எடுத்து வெளிச்சத்துல வச்சு, கீழ பாடமும் எழுதிட்ட."

எழுந்து சட்டையை மாட்டினார். எங்கே என்று கேட்டாள். மீசை வீட்டுக்கு என்றார். நானும் வரேன் என்றாள். வேண்டாம் என்று சொல்வார் என்று பார்த்தாள். அவர் கதவைத் திறந்து போட்டுவிட்டு இறங்கினார்.

மீசையின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவரும் அப்போதுதான் மண்டபத்திலிருந்து வந்திருந்தார், சட்டையில் இன்னும் ஏணித் தூசி. இருவரும் சோபாவின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். குக்கரக்கா கதவோரம் நின்றாள். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்தான்டா தப்பா நினைச்சுட்டேன். வேற எங்கயோ இருந்து வெளிய போயிருக்கு. மனசுல வச்சுக்காத" என்றார்.

வேற எங்கயோ இருந்து. இத்தனைக்குப் பிறகும் அவள் பேரை அவர் எடுக்கவில்லை. வெளி ஆள் முன்னால் பெண்டாட்டியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அந்த மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறது, அதே பெண்டாட்டி அவரை ஊர் முன்னால் மாட்டித் தொங்கவிட்ட பிறகும்.

"எங்கயோ இல்லண்ணே. நான்தான் போட்டேன். இவர் கையைப் படம் எடுத்து, இவர்கிட்ட கேக்காம, குழுவுல நான்தான் போட்டேன். கேட்டப்ப தெரியாதுன்னு பொய் சொன்னேன். உங்கமேல பழி விழுந்தப்பவும் வாயை மூடிட்டு இருந்தேன்."

மீசை இதை முதல் தடவையாகக் கேட்கிறவர் மாதிரி புருவத்தை உயர்த்தினார். பாட்டுக்குழுவில் பின்வரிசையில் நிறுத்தினதற்குக் காரணம் இருந்தது, பாட்டானாலும் நடிப்பானாலும் அவருக்குச் சரியாகச் செய்து காட்ட வராது. "அப்படியா" என்றார். "எனக்கு இப்பதான் தெரியும்."

கணவர் அவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். மீசைக்கு முன்பே தெரியும் என்பது அந்த ஒரு பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது. கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மீசைதான் ஆரம்பித்தார், ஆஸ்பத்திரியில் பழைய லிஃப்ட் ஒன்று நாலாவது மாடியில் நின்று நின்று போகிறது, தனக்குப் பிடிபடவில்லை என்று. கதவுப் பூட்டு பார்த்தியா என்று கணவர் கேட்டார். பார்த்தேன் என்றார் அவர். சரியா பார்த்திருக்க மாட்ட என்றார் இவர். பேச்சு அப்படியே மெல்ல மெல்ல லிஃப்ட் குழிக்குள் இறங்கியது.

குக்கரக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். இந்த வீட்டில் உட்காரத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது, திரும்பிப் போகவும் கால் வரவில்லை. மீசையின் மனைவி உள்ளேயிருந்து தட்டில் காபி டம்ளர்களோடு வந்தாள். நடந்தது பாதி காதில் விழுந்திருக்க வேண்டும், முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. சர்க்கரைக் கிண்ணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "அக்காவுக்கு எவ்ளோ போடட்டும்?" என்று கேட்டாள்.

குக்கரக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவளுக்கு எப்பவும் கம்மிதான்" என்றார் கணவர், மீசையைப் பார்த்தபடியே, திரும்பாமல்.